முன்கோபம் யார் வீட்டுச் சொத்து?

பள்ளிகளில் நடக்கும் பெற்றோர் கூட்டங்களில் ஒரே வசனம் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. பக்கத்து பெஞ்சுப் பையனின் உதட்டைக் கிழித்தவனுடைய அப்பா ஆசிரியை முன்னால் உட்கார்ந்து, "அவனுக்குக் கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது மிஸ். எங்க அப்பாவும் அப்படித்தான்" என்கிறார். குரலில் வருத்தத்தைத் தேடினால் கிடைக்காது. மீசையை முறுக்காத குறைதான். அம்மா பேசினால் வசனம் கொஞ்சம் மாறும்: "எங்க பிறந்த வீட்டுல யாரும் கை நீட்ட மாட்டாங்க. இது அவங்க வீட்டு ரத்தம்." ஆக, பையன் செய்ததற்குத் தாத்தா பொறுப்பு. தாத்தா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டதால் யாருமே பொறுப்பில்லை.

இந்த ரத்தக் கணக்கைக் கொஞ்சம் நிறுத்துங்கள். முரட்டுக் கோபத்துக்கு உடலில் காரணமே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி தாத்தாவின் படத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கவில்லை. பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குகிறான், காலையில் என்ன சாப்பிடுகிறான், யாரிடம் அடி வாங்குகிறான் என்பதில் இருக்கிறது. அதைத் தினமும் தீர்மானிப்பது நீங்கள்.

மூளையிலிருந்து ஆரம்பிப்போம். ஸ்விட்சர்லாந்தில் வால்ட்டர் ஹெஸ் என்ற உடலியல் அறிஞர், பூனைகளின் மூளையடியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதிக்குள் மெல்லிய கம்பியைச் செருகி லேசாக மின்சாரம் பாய்ச்சினார். சாதுவாக இருந்த பூனை முதுகை வளைத்து, மயிர் சிலிர்த்துச் சீறியது. மின்சாரத்தை நிறுத்தியதும் அடங்கியது. மூளையின் இந்தப் பகுதி பற்றிய ஆராய்ச்சிக்காக 1949-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சீறுவதற்கான ஏற்பாடு பூனைக்கும் உண்டு, நமக்கும் உண்டு, எல்லா வம்சத்துக்கும் உண்டு. மனித மூளையில் அமிக்டலா என்ற பகுதி ஆபத்தை முதலில் மோப்பம் பிடித்து உடம்பை உசுப்புகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை, 'பொறு, இது அவ்வளவு பெரிய விஷயமில்லை' என்று அதை அடக்குகிறது. இந்த முன்மூளைதான் கடைசியாக முதிர்கிற பகுதி. இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் அந்த வேலை முடிகிறது. எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து "அறிவில்லையா உனக்கு?" என்று கத்துகிறீர்கள். அவனுக்கு அது இன்னும் முழுதாக வளரவில்லை. உங்களுக்கு வளர்ந்து முடிந்துவிட்டது. முதலில் அடங்க வேண்டியவர் யார்?

சரி, ரத்தத்துக்கே வருவோம். 1993-இல் நெதர்லாந்தில் ஹான் பிரன்னர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குடும்பத்து ஆண்கள் சிலர் திடீர் திடீரென்று வெறிகொண்டு ஆட்களைத் தாக்கினார்கள், வீட்டுக்குத் தீ வைத்தார்கள். மூளையில் செரட்டோனின் போன்ற வேதிப்பொருள்களைச் சிதைக்கும் எம்ஏஓ-ஏ என்ற நொதி அவர்கள் உடம்பில் அடியோடு இல்லை. அதைச் செய்ய வேண்டிய மரபணு பழுது. "பார்த்தீர்களா, ரத்தம்தானே!" என்று துள்ளாதீர்கள். அந்தப் பழுது உள்ள குடும்பங்களை உலகம் முழுக்கத் தேடினாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். உங்கள் தாத்தா அதில் ஒருவராக இருந்திருப்பார் என்று நம்புவது, அவரை ஜமீன்தார் என்று சொல்லிக்கொள்வதைவிடப் பெரிய கற்பனை.

நமக்குப் பாடம் அதற்கடுத்த ஆராய்ச்சியில் இருக்கிறது. அதே மரபணுவில் பழுதில்லாத, ஆனால் நொதியைக் குறைவாகச் செய்கிற ஒரு வகை உண்டு. இது அபூர்வமில்லை. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972-73-இல் பிறந்த 1,037 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து விடாமல் பின்தொடர்ந்து வருகிறார்கள். அந்தக் கூட்டத்து ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தக் குறைந்த வகை இருந்தது. அவர்கள் எல்லோரும் முரடர்களாக ஆனார்களா? இல்லை. அவ்ஷலோம் காஸ்பி, டெர்ரி மொஃபிட் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட கணக்கில், இந்த வகையோடு பிறந்து, சிறுவயதில் வீட்டில் கொடுமையும் பட்டவர்கள்தான் தனியாகத் தெரிந்தார்கள். ஆண்களில் அவர்கள் 12 சதவீதம்; அந்தக் கூட்டத்தார் வாங்கிய வன்முறைத் தண்டனைகளில் 44 சதவீதம் அவர்கள் பங்கு. அதே மரபணுவோடு அடி உதை இல்லாமல் வளர்ந்தவர்கள் மற்றவர்களைப் போலவே இருந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இதே அழுத்தத்தில் சொல்லவில்லை என்பதையும், ஒற்றை மரபணு ஒருவன் குணத்தைத் தீர்மானித்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் திசை தெளிவு. பரம்பரையாக வருவது மரபணு மட்டுமா? பெல்ட்டும் பரம்பரையாக வருகிறது. தாத்தா அப்பாவை வெளுத்தார், அப்பா பிள்ளையை வெளுக்கிறார், பிள்ளை பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவனை வெளுக்கிறான். இதை ரத்தம் என்று சொல்லிவிட்டால் அப்பாவுக்கு வசதி.

இன்னொரு வசதியான வாக்கியம், "ஆம்பளப் பசங்கன்னா அப்படித்தான்." டெஸ்டோஸ்டிரோன் பற்றி வாட்ஸப்பில் படித்ததையும் கூடவே சொல்வீர்கள். கைக்குழந்தைப் பருவத்தின் முதல் சில மாதங்கள் கழிந்தால், பருவ வயது வரை ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் அந்தச் சுரப்பு ஏறக்குறைய ஒரே அளவில்தான், மிகச் சொற்பமாக இருக்கிறது. ஏழு வயதுப் பையன் தங்கையின் முடியைப் பிடித்து இழுத்ததற்கு அதைக் காரணம் காட்ட முடியாது. பெரியவர்களிடத்திலும் அது சண்டையைத் தானாக மூட்டுவதில்லை. போட்டியும் சவாலும் வரும்போது ஏறுகிறது. சதுரங்கத்தில் வென்றவர்களுக்குக்கூட ஏறியதை அளந்திருக்கிறார்கள். எதைச் செய்தால் வீட்டில் கைதட்டல் கிடைக்கும் என்பதைப் பொறுத்து அது பிள்ளையைத் தள்ளும். பெண் பிள்ளை குரலை உயர்த்தினால் "அடக்கமா இரு", பையன் தட்டை வீசினால் "சிங்கக்குட்டி". கைதட்டல் எங்கே விழுகிறது என்று நீங்களே பாருங்கள்.

மான்ட்ரியாலில் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே என்பவர் பல்லாண்டுகள் குழந்தைகளைக் கவனித்துச் சொன்ன உண்மை பலருக்கு இன்னும் எட்டவில்லை. மனித வாழ்க்கையில் அடிப்பதும் கடிப்பதும் தள்ளுவதும் உச்சத்தில் இருக்கும் பருவம் வாலிபம் அன்று. இரண்டிலிருந்து மூன்றரை வயது. குழந்தை யாரிடமும் அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அடிக்காமல் இருக்கத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் பள்ளிக்குப் போவதற்குள் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அந்தப் பாடம் கிடைக்காத சிலர்தான் பதினைந்து வயதில் ஊரைப் பயமுறுத்துகிறார்கள்.

இந்தப் பாடத்தை நம் வீடுகளில் எப்படி நடத்துகிறோம்? குழந்தை தடுக்கி விழுந்தால் பாட்டி ஓடி வந்து தரையை நாலு தட்டுத் தட்டி, "பாப்பாவை விழ வச்ச தரையை அடிச்சாச்சு, அழாதே" என்கிறார். வலித்தால் எதையாவது அடி என்பதுதான் அந்தப் பிஞ்சுக்கு நாம் கொடுக்கும் முதல் பாடம். இரண்டு வயது வாண்டு மாமாவின் கன்னத்தில் அறைந்தால் கூடத்தில் ஒரே சிரிப்பு. "இன்னொண்ணு குடு" என்று கேட்டு வாங்கி வீடியோ எடுக்கிறோம். ஐந்து வயதில் அதே கை வகுப்பில் நீண்டால், "இவன் யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டான்னே தெரியலை மிஸ்."

இப்போது மொரீஷியஸுக்கு வாருங்கள். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும் தீவு, நம்மவர்கள் தைப்பூசக் காவடி எடுக்கும் தீவு. அங்கே குவாத்ர் போர்ன், வக்கோவா என்ற இரண்டு ஊர்களில் 1972-இல் மூன்று வயதுக் குழந்தைகள் 1,795 பேரைப் பரிசோதித்து, அவர்கள் வளர வளரப் பின்தொடர்ந்தார்கள். பீட்டர் வெனபிள்ஸ் தொடங்கிய பணி. பிற்பாடு ஏட்ரியன் ரெய்ன் சேர்ந்தார். மூன்று வயதில் வாய் ஓரம் வெடித்திருக்கிறதா, முடி செம்பட்டையாகி மெலிந்திருக்கிறதா, ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்றெல்லாம் குறித்துக்கொண்டார்கள். ஊட்டம் குறைந்த அந்தக் குழந்தைகள் எட்டு வயதிலும், பதினொன்றிலும், பதினேழிலும் மற்றவர்களைவிட அதிகம் முரடாக இருந்தார்கள். வீட்டின் வறுமையைக் கணக்கில் கழித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் போகவில்லை.

ஊட்டக்குறையைக் கண்டுபிடித்ததோடு நிற்காமல் அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். நூறு குழந்தைகளைத் தேர்ந்து, மூன்று வயது முதல் ஐந்து வயது வரை தனி மழலையர் பள்ளியில் சேர்த்தார்கள். தினமும் பால், பழச்சாறு, மீனோ கோழியோ ஆட்டுக்கறியோ சேர்ந்த சூடான சாப்பாடு, காய்கறி சாலட். ஓடியாடி விளையாட நேரம். ஓர் ஆசிரியைக்கு ஐந்தாறு குழந்தைகள் மட்டும். இரண்டே வருடம். அதன் பிறகு எல்லாக் குழந்தைகளையும் போல ஊர்ப் பள்ளிக்கூடம்தான். பதினோரு வயதில் அந்தக் குழந்தைகளின் மூளை அலைகள் வயதை மிஞ்சிய முதிர்ச்சியைக் காட்டின. பதினேழு வயதில் ஒழுக்கக்கேடு குறைவு. மூன்று வயதில் ஊட்டமில்லாமல் இருந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம். இருபத்துமூன்று வயதில், அந்தப் பள்ளிக்குப் போகாத சமவயதினரோடு ஒப்பிட்டால் குற்றச்செயல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. சோறும் விளையாட்டும் கவனிக்கிற ஓர் ஆளும் சேர்ந்து இருபது வருடம் கழித்துக் கணக்கில் தெரிந்தன. எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றையும் கொடுப்பதற்கு நமக்கு அந்தப் பிரிவினை தேவையுமில்லை.

"எங்க பிள்ளைக்கு என்ன குறை, சாப்பாட்டுக்கா பஞ்சம்?" என்பீர்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இதில் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் அடக்கம். அரசுத் தொடக்கப் பள்ளியில் 2022 முதல் காலையில் சூடாக உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ கிடைக்கிறது. வேன் ஏறிப் போகும் தனியார் பள்ளிப் பிள்ளை, ஏழு மணிக்கு விளம்பரத்தில் வரும் மால்ட் பவுடரை ஒரு டம்ளரில் கரைத்துக் குடித்துவிட்டு மதியம் வரை ஓட்டுகிறான். அப்புறம் பன்னிரண்டு மணிக்கு யாரையோ அடித்துவிட்டான் என்று உங்களுக்கு போன் வருகிறது. கீரை, முட்டை, சுண்டல், மத்தி மீன்: இவற்றுக்கு விளம்பரம் இல்லை, அதுதான் குறை.

இரும்புச்சத்து குறைந்த உடம்பு ஈயத்தையும் அதிகம் உறிஞ்சும். ஈயம் வளரும் மூளைக்கு நஞ்சு, குறிப்பாக அந்த முன்மூளைக்கு. அமெரிக்காவின் சின்சினாட்டியில் 1979-84-இல் பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தை அளந்து வைத்திருந்தார்கள். ஈயம் அதிகம் இருந்தவர்கள் வளர்ந்த பிறகு வன்முறைக் குற்றங்களுக்காக அதிகம் கைதானதை 2008-இல் வெளியிட்டார்கள். நம் பெட்ரோலில் ஈயம் 2000-இல் ஒழிந்தது. பெயின்ட்டில் 90 பிபிஎம் என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசி இப்போது உரிந்துகொண்டிருக்கும் ஜன்னல் கம்பியைக் குழந்தை சுரண்டுகிறதா என்று பாருங்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சளை, கிழங்கானாலும் தூளானாலும், தவிர்த்துவிடுங்கள். அந்த நிறத்துக்காக லெட் குரோமேட் கலப்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து தூக்கம். இதில் நம்மைப் போன்ற குற்றவாளிகள் உலகத்திலேயே குறைவு. ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி நேரம், பதின்ம வயதினருக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். நாம் ஒன்பது மணிக்கு டியூஷனிலிருந்து அழைத்து வந்து, பத்து மணிக்குச் சோறு போட்டு, பதினொன்று வரை ஹோம்வொர்க் எழுதவிட்டு, காலை ஐந்தேகாலுக்கு எழுப்புகிறோம். 2007-இல் மேத்யூ வாக்கர் குழுவினர் இளைஞர்களை ஓர் இரவு தூங்கவிடாமல் மறுநாள் மூளையை ஸ்கேன் செய்தார்கள். வெறுப்பூட்டும் படங்களைக் காட்டியபோது அவர்களின் அமிக்டலா, தூங்கியவர்களைவிட 60 சதவீதத்துக்கும் மேல் அதிகமாக எகிறியது. முன்மூளையோடு அதற்கு இருந்த பிடிமானமும் தளர்ந்திருந்தது. வளர்ந்தவர்களுக்கே, ஒரே இரவில். உங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளை வருடம் பூராவும் அரைத் தூக்கத்தில் இருக்கிறான். அவன் கதவை அறைந்து சாத்தினால் "திமிர்" என்கிறீர்கள்.

இனி அந்தப் பழமொழிக்கு வருகிறேன். "அடியாத மாடு படியாது." மாடு வளர்த்தே இராத குடும்பங்களில்தான் இது அதிகம் ஒலிக்கிறது. எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கேலர் இருவரும் ஐம்பது வருட ஆய்வுகளைச் சேர்த்து, ஏறத்தாழ 1,60,000 குழந்தைகளைப் பற்றிய கணக்கை 2016-இல் வெளியிட்டார்கள். சூடு வைப்பது, பெல்ட்டால் விளாசுவது போன்ற கொடுமைகளை அதில் சேர்க்கவில்லை. நீங்களும் நானும் 'சாதாரணம்' என்று நினைக்கும் கையால் போடும் அடி மட்டும். அதற்கே முரட்டுத்தனம் கூடியிருந்தது, மனக்கோளாறு கூடியிருந்தது. கீழ்ப்படிதல் கூடியதாகத் தெரியவில்லை. "முரட்டுப் பிள்ளைதானே அதிகம் அடி வாங்கும்?" என்று நீங்கள் மடக்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகவே, குழந்தைகளைக் காலப்போக்கில் பின்தொடர்ந்த 69 ஆய்வுகளை 'லான்செட்' இதழில் 2021-இல் அலசினார்கள். அடி வாங்க வாங்க முரட்டுத்தனம் ஏறுகிறது என்பதே அங்கும் விடை. காரணம் புரியாததில்லை. எந்த நேரம் கை பாயும் என்று தெரியாத வீட்டில் வளரும் பிள்ளையின் அமிக்டலா ஓய்வெடுப்பதில்லை. யாராவது தெரியாமல் தோளில் இடித்தாலும் சண்டைக்கு வந்ததாகவே அதற்குப் படும்.

குடித்துவிட்டு வரும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை: மது முதலில் முடக்குவது அந்த முன்மூளையைத்தான். போதையில் பிள்ளையைத் திருத்தாதீர்கள். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

அடிக்கவும் கூடாது என்றால் என்னதான் செய்வது? அமெரிக்காவின் ஆரிகனில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் வீடுகளுக்குள் ஆட்களை உட்காரவைத்து, பெற்றோரும் பிள்ளையும் மோதுவதைக் கணத்துக்குக் கணம் குறித்தார். அவர் கண்டது எந்தக் கல்யாண மண்டபத்திலும் பார்க்கக் கிடைக்கும். பிள்ளை போன் கேட்கிறான், "கிடையாது" என்கிறீர்கள். சிணுங்குகிறான், கிடையாது. தரையில் புரண்டு கத்துகிறான், நாலு பேர் பார்க்கிறார்கள், "இந்தா, தொலை" என்று கொடுக்கிறீர்கள். கத்தினால் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொண்டான். அடுத்த முறை நீங்கள் முந்திக்கொண்டு ஓர் அறை விடுகிறீர்கள், சட்டென்று அமைதி. அறைந்தால் அடங்கும் என்று நீங்கள் கற்றுக்கொண்டீர்கள். இப்படி இருவரும் மாறி மாறி ஒருவரையொருவர் பழக்கி மேலே மேலே போகிறீர்கள். இதை அறுக்க அவரும் பின்னால் வந்தவர்களும் பெற்றோருக்குத்தான் பயிற்சி கொடுத்தார்கள், பிள்ளைக்கல்ல. பையன் அடங்கி விளையாடும் நேரத்தில் அவனைக் கவனித்து ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வது. கொடுக்க நினைத்ததை முதல் முறை கேட்டதுமே கொடுப்பது. மறுத்தால் புரண்டாலும் மறுப்பது. தவறுக்குச் சிறிய விளைவு, ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே விளைவு: அரை மணி நேரம் டிவி கிடையாது என்றால் கிடையாதுதான். அதைக் கத்தாமல் சொல்வது. கேட்க அற்பமாக இருக்கிறது. குழந்தைகளின் முரட்டுத்தனத்தைக் குறைக்க இன்றுள்ள வழிகளில் அதிகம் சோதிக்கப்பட்டு நின்றது இதுதான்.

"பிறவிக் குணத்தை மாத்த முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பபூன் கூட்டத்தின் கதை. கென்யாவின் மசாய் மாராவில் ராபர்ட் சபோல்ஸ்கி கவனித்து வந்த கூட்டம் அது. 1980-களின் நடுவில், ஒரு சுற்றுலா விடுதிக் குப்பையில் கிடந்த காசநோய் இறைச்சியைத் தின்று கூட்டத்தின் ஆண்களில் ஏறத்தாழப் பாதி செத்தன. சண்டை போட்டு முந்திக்கொண்டு குப்பைக்குப் போன முரடுகள்தான் அவை. சாதுக்கள் மிஞ்சின, கூட்டம் அமைதியானது. ஆச்சரியம் அதற்கப்புறம். ஆண் பபூன்கள் வாலிபத்தில் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போய்விடும். சில வருடங்களில் இந்தக் கூட்டத்தின் எல்லா ஆண்களும் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவைதான், அடிதடியில் வளர்ந்தவைதான். அவையும் சில மாதங்களில் இங்குள்ள வழக்கத்துக்கு மாறிவிட்டன. பபூனால் முடிகிறது.

எல்லாம் செய்தும் அடங்காத பிள்ளைகள் உண்டு. மிருகங்களை வதைப்பது, தீ வைப்பது, ஆயுதம் எடுப்பது, தலையில் அடிபட்ட பிறகோ வலிப்பு வந்த பிறகோ குணம் மாறுவது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது: இவற்றில் எது இருந்தாலும் அது வளர்ப்பு விவகாரம் மட்டுமில்லை, மருத்துவரிடம் காட்ட வேண்டியது. கவனக்குறைபாடும் மனச்சோர்வும்கூடக் குழந்தைகளிடம் கோபமாக வெளிவரும். அவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது. மந்திரிப்பதற்கும் ஜாதகம் பார்ப்பதற்கும் முன்னால் ஒரு போன் செய்யுங்கள். டெலி-மானஸ், 14416. மத்திய அரசு நடத்தும் மனநல உதவி எண், இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள்.